அம்பு விடும் ஓட்டை

அந்த மலைக்கோட்டையைச் சுற்றிக் காட்டும் கைடுகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவர் பிலோமினா டீச்சர். வகுப்பில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். வெயில் தாழ்ந்ததும் பீரங்கி மேடையில் வந்து உட்காருவார்கள்.

டீச்சர் முதலில் எடுத்தது சண்டைச் சொலவடைகளை. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று தங்கள் ஊர்ச் சொலவடையைக் கேட்டால் வெள்ளைக்காரர்கள் குளிர்ந்துபோவார்கள் என்பது அவர் கணிப்பு. ஒவ்வொன்றுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதுதான் வகுப்பின் சட்டம்.

தணிகாசலம் இதில் கெட்டிக்காரர். 'ஸ்டேப் இன் தி பேக்' என்றால் முதுகில் குத்துவது. "குப்புராஜ் என் முதுகில் குத்தினான்" என்பார். 'ஸ்டீல் எ மார்ச்' என்றால் எதிரிக்குத் தெரியாமல் படையை முன்னே நகர்த்திவிடுவது. "குப்புராஜ் எனக்குத் தெரியாமல் முந்திக்கொண்டான்." இலக்கணம் சுத்தமாக இருக்கும். குப்புராஜும் அதே வகுப்பில்தான் இருந்தான். எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரிப்பான்.

"'பரி த ஹேட்செட்', கோடரியைப் புதைக்கிறது. பகையை விட்டுடறதுன்னு அர்த்தம். அதுக்கு ஒண்ணு சொல்லுங்கண்ணா," என்றார் டீச்சர்.

"அது மட்டும் வர மாட்டேங்குது டீச்சர்."

குப்புராஜுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் வருகிறவர்கள் அவன் தோளில் கை போட்டுத்தான் படம் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்கத் தணிகாசலத்துக்கு வயிறு எரியும்.

ஒரு சுற்றுலா கம்பெனி வருஷம் முழுக்க ஒரு கைடை வேலைக்கு வைக்க நினைத்தது. நல்ல ஆளாகச் சொல்லும்படி டீச்சரைக் கேட்டது. டீச்சர் சொல்லிவிட்டார், யார் பெயர் என்பதை மட்டும் வெளியே விடவில்லை. அந்த வேலை கிடைத்தால் சீசன் முடிந்ததும் கல் உடைக்கப் போக வேண்டாம். தணிகாசலம் அதற்காக ஏங்கிக் கிடந்தார்.

ஒரு மதியம் அவர் பீரங்கி மேடையை ஒட்டிய மேல்மதிலில் இருந்தார். அம்பு விடுவதற்கென்று அந்த மதிலில் ஒடுக்கமான ஓட்டைகள் உண்டு. ஒன்றில் கண்ணை வைத்தார். கீழே வாசலில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர். அவர் எதிரே குப்புராஜ், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவர் கிளம்பப் பார்த்தார். இவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான், இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

'ஸ்டீல் எ மார்ச்' என்று பல்லைக் கடித்தார் தணிகாசலம். உதாரணம் கண்ணெதிரே நடந்தது.

கீழே குப்புராஜ் போனைக் காதில் வைத்தான். மேலே இவர் பையில் போன் அடித்தது. பீற்றிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறான் என்று கட் பண்ணினார். மறுபடி அடித்தது. அணைத்தே வைத்துவிட்டார். கம்பெனிக்காரர் குப்புராஜின் கையைக் குலுக்கிவிட்டுப் போகும்வரை ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் மற்றவர்கள் வருவதற்கு முன்பே மேடைக்குப் போய் டீச்சர் எதிரே நின்றார்.

"அவன் பேரைத்தானே குடுத்தீங்க?"

"உங்க பேரைத்தான் குடுத்தேன்ணா."

"அப்புறம் எதுக்கு அவன் அந்த ஆளைப் புடிச்சு வச்சுக் குழையறான்? என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"எங்கிருந்து பார்த்தீங்க?"

அவர் மதிலைக் காட்டினார். டீச்சர் எழுந்து போய் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"வாசல் நல்லாத் தெரியுது. பேசினது கேட்டுதா?"

"அவ்வளவு தூரம் எப்படிக் கேக்கும்?"

"அந்த ஆள் எனக்குப் போன் பண்ணினாரு. உங்களைத் தேடித்தான் வந்திருக்காரு. 'கொஞ்சம் இருங்க சார், தணிகை அண்ணன் வந்துடுவாரு, என்னைவிட அவருக்கு நல்லா இங்கிலீஷ் வரும்'னு குப்புராஜ் அவரை விடவே இல்லையாம். குப்புராஜ் உங்களுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டும் பார்த்திருக்காரு. கடைசியில பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு, அந்த ஆள் குப்புராஜையே வேலைக்கு வரச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

கீழிருந்து மற்ற கைடுகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. குப்புராஜின் குரலும் அதில் இருந்தது. தணிகாசலம் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணால பார்த்தேனே டீச்சர்."

"அந்த ஓட்டை வழியாப் பார்த்தா எதிரிதான்ணா தெரிவாங்க," என்றார் டீச்சர். "அதுக்காகத்தானே அதைக் கட்டியிருக்காங்க."