மேனேஜரின் முழு சிக்னல்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே எல்லோரும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். யார் எங்கே நிற்கிறார், அவர் பட்டையில் சிக்னல் எவ்வளவு என்று மேனேஜர் அறைத் திரை காட்டிவிடும். பட்டைகளைப் பராமரிப்பது மாரப்பன் வேலை.

ஒருநாள் முதலாளியை வைத்துக்கொண்டே மேனேஜர் கனகசபை குதித்தார். "என் பட்டை ஆறு மாசமா முழு சிக்னல் காட்டுது. இவங்களுது மட்டும் ஏன்யா அரைகுறை? நாளைக்குள்ள எல்லாம் என்னுது மாதிரி ஆகணும். இல்லேன்னா நீ வீட்டுக்குப் போ!"

அது ஆகாது என்று மாரப்பன் பத்துத் தடவை சொல்லியாயிற்று. காது கொடுத்தால்தானே? மனுஷனுக்குச் சலித்துப்போயிற்று.

"நாளைக்கு எதுக்குங்க சார், இப்பவே ஆக்கிடலாம். ஆளுக்கொரு ஆணி வாங்கிக் குடுங்க."

"ஆணியா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. கதிர்வீச்சு ஜாஸ்தி ஏறக்கூடாதுன்னு, உடம்புல பட்டா பட்டை தானா சிக்னலைக் குறைச்சுக்கும். ஆணியில தொங்கவிட்டா முழுசா அடிக்கும். சார் பட்டை ஆறு மாசமா முழுசாத்தான் அடிக்குதுங்க."

முதலாளி மேனேஜரின் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளச் சொன்னார். வெறும் மணிக்கட்டு.

மறுநாள் மாரப்பன் வழக்கம்போல வேலைக்கு வந்தார். திரையில் மேனேஜருக்கும் அரை சிக்னல்தான்.