பொங்கியண்ணன் சொன்ன வெள்ளை வண்டி

டீசல் எடு என்றேன். ஒரே பேச்சு. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காரணம் அந்த மாப்பிள்ளை.

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டுமேல் பழைய கார் விற்கும் யார்டு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. வாங்க வந்தவர் திருச்செங்கோட்டில் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில் வைத்திருக்கும் அர்த்தனாரி. கூட அவர் சம்சாரம் கோகிலவாணி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை நவநீதன். அப்புறம் நான், பொங்கியண்ணன். எங்கள் பக்கம் பழைய வண்டி எடுக்கப் போனால், வண்டி தெரிந்த ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். முப்பத்தெட்டு வருசமாக அந்த ஆள் நான்தான்.

நின்றது இரண்டு வண்டி. ஒரே கம்பெனி, ஒரே மாடல். பெரிய அதிகாரிகள் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி நீளமான செடான். வெள்ளை வண்டி டீசல். கையால் கியர் போட வேண்டும். அலங்காரம் ஒன்றும் கிடையாது. கறுப்பு வண்டி பெட்ரோல். ஆட்டோமேட்டிக், மேலே சன்ரூஃப், மெமரி சீட், நாலு சீட்டுக்கும் தனித்தனி ஏசி.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஏதோ ஒண்ணுக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுத்துரோணும்" என்று கோகிலவாணி அம்மிணி சொல்லிவிட்டது. யார்டுக்காரர் தனசேகரிடம் இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு கறுப்பு வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது.

மாப்பிள்ளை ஃபோனை நீட்டினான். "மாமா, பெட்ரோல்தான். நாப்பது ரிவ்யூ பாத்துட்டேன். எல்லாரும் அதான் சொல்றாங்க."

அர்த்தனாரி என்னைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். அப்புறம் ஃபோனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விசயம் புரிந்துவிட்டது. இன்றைக்கு இந்த ஃபோன் ஜெயித்தால் சேதி சாயங்காலத்துக்குள் திருச்செங்கோடு முழுக்கப் போய்விடும். அப்புறம் "அண்ணா, ஒரு வண்டி பாக்கோணும், வாங்க" என்று என் வாசலில் வந்து நிற்க ஒருத்தன் இருக்கமாட்டான். நான் வீட்டில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அங்கிள், டீசல் ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்க" என்றான் மாப்பிள்ளை.

அங்கிளாம். விட்டேன்.

"இழுவை" என்றேன்.

"எவ்வளவு?"

சொன்னேன். நான் முதலில் வைத்திருந்த டீசல் வண்டி. சங்ககிரி மேடு. உள்ளே அஞ்சு பேர், டிக்கியில் எட்டு மூட்டை சிமெண்ட். முதல் கியரைப் போட்டு மிதித்தேன். சக்கரம் ரோட்டைப் பிடித்துப் பின்னால் தள்ளியது. வண்டி நின்ற இடத்தில் நின்றது. ரோடு நகர்ந்தது. சங்ககிரி மலை எங்களைப் பார்க்க வந்தது. கோட்டை வந்தது. பஸ் ஸ்டாண்டு வந்தது. கடைசியில் டோல்கேட் வந்து எங்கள் பம்பரில் முட்டி நின்றது. "நீங்க கேட்டுக்கு வந்திருக்கீங்க, கட்டுங்க" என்றான் உள்ளே இருந்தவன். "கேட்டுதான் எங்கிட்ட வந்துது, நீ கட்டு" என்றேன். அரை மணி நேரம் பஞ்சாயத்து.

"அப்ப உங்க பின்னாடி வந்த வண்டியெல்லாம்?" என்றான் மாப்பிள்ளை.

"இன்னும் வந்துட்டு இருக்காங்க."

தனசேகர் இருமினார். அர்த்தனாரி சிரிக்கவில்லை. அவர் நாணயமான மனிதர், வாயை மட்டும் கையால் மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை விடவில்லை. "இழுவைக்கு டார்க்குன்னு ஒரு கணக்கு இருக்கு அங்கிள். எத்தனை நியூட்டன் மீட்டர்?"

"மீட்டர் எதுக்கு? அடியிலயே சொல்றேன். தொள்ளாயிரம் அடி."

"என்னது?"

தோட்டத்தில் போர் போட்டிருந்தேன். தொள்ளாயிரம் அடி. தண்ணீர் இல்லை, மோட்டார் மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டது. மூன்று கம்பெனி வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனது. நான் கயிற்றை மோட்டாரில் மாட்டி மறுமுனையை இதே மாதிரி டீசலின் பின்னால் கட்டினேன். இழுத்தேன். மோட்டார் வந்தது. நான் கவனிக்கவில்லை, ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டே போனேன். பைப் வந்தது. கேசிங் வந்தது. திரும்பிப் பார்த்தால் குழியும் வந்துவிட்டது. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல்.

"குழி எப்படிங்ண்ணா வெளிய வரும்?" இது அர்த்தனாரி.

"இழுத்தா வரும்."

"இப்ப எங்க இருக்குது?"

"வரப்பு மேல படுக்கப் போட்டிருக்கேன். மழைத் தண்ணி போறதுக்கு வசதியா இருக்குது. பாக்கோணும்னா வாங்க. வெய்யில்ல கொஞ்சம் சுருங்கிப்போச்சு."

மணி பத்தாகி அஞ்சு நிமிசம். அப்போதுதான் கறுப்பு வண்டியின் கதவு திறந்தது. அம்மிணி இறங்கியது. நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டது. நடந்து போய் வெள்ளை வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. எனக்கு நம்பிக்கை வந்தது. குழி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

"சரி அங்கிள், இழுவை இருக்கட்டும். பெட்ரோல் பிக்கப்புக்கு டீசல் நிக்குமா?"

"பெட்ரோலும் வச்சிருந்தவன்தான் நான். அதனாலதான் வேண்டாங்கறேன்."

பெட்ரோல் டர்போ. சரளை என்கிற கிராமத்தில் நிற்கிறோம். முன்னால் நான், பின்னால் மச்சான் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு மிதி மிதித்தேன். நான் பெருந்துறையில் இருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், பின் சீட்டு இல்லை. பின் சீட்டு இன்னும் சரளையில் இருந்தது. மச்சான் அதில் உட்கார்ந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். பஜ்ஜி தின்றேன். அப்புறம்தான் பின்பாதி வந்து முன்பாதியோடு ஒட்டியது. மச்சான் இறங்கி, "இன்னும் கிளம்பலியா?" என்றான். இந்த அவசரம் ஒரு குடும்பத்துக்கு ஆகுமா? நாலு பேர் கல்யாணத்துக்குப் போனால் இரண்டு பேர் முகூர்த்தத்துக்கு, இரண்டு பேர் பந்திக்கு.

தனசேகருக்கு விலை கூடின கறுப்பு வண்டி வியாபாரம் கெடுகிறதே என்று கவலை. "அண்ணா, கறுப்புல ஆப்ஷன் எல்லாம் பாருங்க. நாலு சீட்டுக்கும் தனி ஏசி!"

"அதுவும் வச்சிருந்தேன்."

"அதுவுமா!" என்றான் மாப்பிள்ளை.

என் சீட்டில் ஊட்டி வைத்தேன். பக்கத்து சீட்டில் சித்திரை மாதம் வைத்தேன், மாமியார் குளிர் தாங்க மாட்டாள். பின்னால் இடது பக்கம் மழைக்காலம். வலது பக்கம் மார்கழி. கோயமுத்தூர் போய்ச் சேருவதற்குள், மாமியார் மடியில் வைத்திருந்த பச்சை வாழைத்தார் பழுத்துவிட்டது. மழைக்காலத்தில் இருந்தவன் குடை கேட்டான். மார்கழியில் இருந்தவன் விடிகாலை என்று நினைத்துக் கோலப்பொடி கேட்டான். நடுவில் ஒருத்தன் மாட்டிக்கொண்டான். அவனுக்கு வலது கன்னத்தில் பனி, இடது கன்னத்தில் சேற்றுப்புண்.

"கன்னத்துல சேத்துப்புண்ணா?"

"உனக்கு வந்தாத் தெரியும்."

"சன்ரூஃப்?" என்றார் அர்த்தனாரி. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார். நான் பார்த்திருக்கிறேன், நாலாவது பொய்க்கு மேல் மனிதன் தானாகக் கேட்க ஆரம்பித்துவிடுவான். பொய் என்றா சொன்னேன்? அனுபவம்.

கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. அறுபதாவதில் காற்றுக்காகச் சன்ரூஃபைத் திறந்தேன். ஒரு மேகம் உள்ளே இறங்கிவிட்டது. இறங்கு என்றால் இறங்கவில்லை. மூடிக்கொண்டு நாமக்கல் வந்தேன். அங்கே ஒருத்தர் கடலைக்காடு காய்ந்து கிடக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வண்டியைக் காட்டுக்குள் விட்டு மேலே திறந்தேன். ஒன்றரை ஏக்கருக்கு நல்ல மழை. பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, "எனக்கு வியாழக்கிழமை வரமுடியுங்களா?" என்றார். அதிலிருந்து நிம்மதி போச்சு. நான் கார் வைத்திருந்தேனா, தண்ணி லாரி வைத்திருந்தேனா? வித்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஃபோனைப் பையில் போட்டுவிட்டான். அது எனக்குப் பாதி வெற்றி. மணி பத்தேகால்.

தனசேகர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அண்ணா, கறுப்பு ஒரே ஓனருங்க. டாக்டர் வண்டி. மெமரி சீட்டு, ஒருதடவை உக்காந்தா ஞாபகம் வச்சிக்கும்."

"அங்கதான் ஆபத்து. ஞாபகம் வச்சிக்கும்."

நான் வாங்கியதும் ஒரே ஓனர் டாக்டர் வண்டிதான். சீட்டு மறக்கவே இல்லை. எங்கே கிளம்பினாலும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் மச்சான் ஏறி உட்கார்ந்து தும்மினான். சீட்டு சாய்ந்து அவனைப் படுக்கவைத்தது. பெல்ட் கையைச் சுற்றி இறுக்கிப் பிரஷர் பார்த்தது. வைப்பர் ரெண்டும் இல்லை இல்லை என்று ஆடியது. வீட்டில் அழுகை. அவனுக்குச் சாதாரண ஜலதோசம். டாக்டருக்கு முன்னால் அந்த வண்டி ஓர் அரசியல்வாதியிடம் இருந்ததாம். அதனால் பிணம் போனாலும் கல்யாணம் நடந்தாலும் அங்கே நின்று தானாகக் கதவைத் திறக்கும்.

"டாக்டர்தான் மொத ஓனர்னீங்க!" மாப்பிள்ளை பிடித்துவிட்டான்.

"எனக்கும் அப்படித்தான் சொல்லி வித்தாங்க."

தனசேகர் கொஞ்சம் சிவந்தார். "நான் பொய் சொல்றவன் இல்லீங்க. மீட்டரைப் பாருங்க, அறுபத்திரண்டாயிரம். தொட்டதே இல்லை."

"நல்ல வேளை தொடல. பள்ளிபாளையத்துல ஒருத்தன் தொட்டான்."

"என்ன ஆச்சு?" மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

புரோக்கர் ஒருத்தன். ரெண்டு லட்சம் ஓடின வண்டி. மீட்டரைப் பின்னால் திருப்பினான். ஒரு லட்சத்துக்கு வந்தது, பெயிண்டு பளபளத்தது. அம்பதாயிரம், டயர் தேய்மானம் போய்ப் புதுசானது. ஆசை விடவில்லை. பத்தாயிரத்துக்கு வந்ததும் சீட்டில் பாலித்தீன் உறை முளைத்தது. பூஜ்யத்தில் நிறுத்தியிருக்கலாம். கை பழகிப்போச்சு, இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தூங்கப் போனான். காலையில் ஷெட்டைத் திறந்தால் வண்டி இல்லை. ஒரு மூலையில் இரும்புத் தாது ஒரு குவியல். ஒரு வாளி ரப்பர் பால். தோல் சீட்டு இருந்த இடத்தில் நாலு மாடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் மட்டும் மிச்சம். அதையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நக்கியது.

தனசேகர் எதற்கோ தன் மீட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டார். மணி பத்து இருபது.

வெள்ளை வண்டியின் கதவு திறந்தது. அம்மிணி இறங்கியது. முகம் தெளிந்திருந்தது.

"இதே இருக்கட்டும். வெள்ளை. டோக்கன் குடுங்க" என்றது.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"கேட்டுக்கோங்க மாப்ளே" என்றேன். "அம்மிணி, நீயே சொல்லு. எது மனசுல பட்டுது? குழியா, மீட்டரா?"

"எந்த மீட்டருங்ண்ணா?"

"நான் சொன்னனே!"

"வெள்ளைக்குள்ள எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றது அம்மிணி. "அந்தக் கறுப்பு வண்டிக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டுத்தான் உக்காந்திருந்தேன். சங்ககிரி மலை நடந்து வந்ததுல இருந்து குழி வெளிய வந்த வரைக்கும் அத்தனையும் உள்ள வந்துது. தலைவலியே வந்துருச்சு. இதுக்குள்ள ஏறிக் கண்ணாடிய ஏத்தினேன். நீங்க கைய ஆட்டறீங்க, குதிக்கறீங்க, மாடு மாதிரி என்னமோ பண்றீங்க. சத்தம் மட்டும் துளி இல்ல. இருவத்தஞ்சு வருசத்துல இத்தனை நிம்மதியா நான் உக்காந்ததே இல்ல."

தனசேகர் தலையைச் சொறிந்தார். "ஆமாங்க, அது மொத ஓனர் கேட்டுப் போட்டுக்கிட்ட டபுள் கிளாசுங்க. யாரும் கேக்காததால நான் சொல்லவே இல்லீங்க."

மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தான். அர்த்தனாரியும் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். சிரிக்கட்டும். டோக்கன் கொடுத்தபோது பத்து இருபத்தேழு. டீசல் என்றேன், டீசல் எடுத்தார்கள். ஊரில் இது பொங்கியண்ணன் சொன்ன வண்டி. எதனால் எடுத்தார்கள் என்று எவன் கேட்கப் போகிறான்?

ராகு காலம் முடிந்து, மீதிப் பணத்தையும் கட்டிக் கிளம்பும்போது வெள்ளை வண்டியின் பின் கதவில் கை வைத்தேன். அம்மிணி உள்ளிருந்து கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கியது.

"அண்ணா, நீங்க மாப்பிள்ளை கூட நாம வந்த பழைய வண்டியில வந்துருங்க."

கண்ணாடி ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு இருபது கிலோமீட்டர். நான் பேசிக்கொண்டு வந்தால் இருநூறு.