சிவப்புப் பொட்டின் கீழே

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டால், பாத்திரம் எங்கே போய்விடும்?

எங்கேயும் போகாது. ஆனால் இது விளங்க, மலைமேல் இருந்த வான ஆராய்ச்சி நிலையத்தில் செண்பகராமனுக்கு ஒரு மதியம் முழுக்கத் தேவைப்பட்டது.

பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். அவருக்குக் குருவாக வாய்த்த மாதங்கி பத்து வயது இளையவர்.

"மேடம், இத்தனை பிரகாசமா வெடிச்சது, வெடிக்கறதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும்."

பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவில், போன மாதம் ஒரு புள்ளி திடீரென்று பளிச்சிட்டு அணைந்திருந்தது. வெடித்த நட்சத்திரத்தைப் பார்க்க, பெரிய தொலைநோக்கி நாளை ஒரே ஒரு முறை திரும்பும். சாயங்காலத்துக்குள் அது எந்த நட்சத்திரம் என்று சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் செண்பகராமன் பட்ட பாடெல்லாம் வீண்.

"இதோ, இதுதான் மேடம். வெடிப்புக்கு முன்னாடி எடுத்த படத்துல அந்த இடத்துல இருக்கற பெரிய நட்சத்திரம்."

மாதங்கி கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தார். கணினித் திரையில், வெடித்தபோது எடுத்த புதிய படம் இருந்தது. வெடிப்பின் மேல் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினார். சுற்றியிருந்த மூன்று நட்சத்திரங்கள் மேல் மூன்று கறுப்புப் பொட்டு.

"இப்போ பழைய படத்தைப் போடுங்க."

போட்டார். சிவப்புப் பொட்டு அந்தப் பெரிய நட்சத்திரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா?"

"கறுப்பைப் பாருங்க."

மூன்றும் வெறும் இருட்டில் நின்றன.

பழைய படம் எடுத்த அன்றைக்குக் கேமரா சற்றே சாய்ந்திருந்திருக்கிறது. செண்பகராமனோ படத்தின் மூலையை மூலையோடு பொருத்தியிருந்தார்.

"கறுப்பெல்லாம் அவங்கவங்க வீடு போய்ச் சேரட்டும் சார்."

செண்பகராமன் சட்டைக் கையை மடித்துவிட்டார். படத்தை இம்மி இம்மியாகத் திருப்பினார். டீ ஆறி ஆடை கட்டியது. மூன்றும் பொருந்தியதும் சிவப்புப் பொட்டை நகத்தால் உரித்தார்.

கீழே மங்கலாக, சிவப்பாக ஒரு புள்ளி.

"இந்த நோஞ்சானா வெடிச்சது?"

"இது இல்ல. இதை ஒட்டி ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. இது தன்னோட வாயுவை ஊத்திக்கிட்டே இருக்கும், அது வாங்கிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் தாங்காம பொங்கிடும்."

"அதோட ரெண்டும் முடிஞ்சுதா?"

மாதங்கி எழுந்து மூலையிலிருந்த மின் அடுப்பருகே போனார். காலையில் பால் பொங்கிக் கருகிய பாத்திரம் அப்படியே கிடந்தது. தேய்த்துக் கழுவினார். அதிலேயே மறுபடி பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார்.

செண்பகராமன் பாத்திரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மங்கல் புள்ளியின் இடத்தைக் குறித்து அனுப்பினார்.

"மேடம், நாளைக்கு மட்டும் போதாது. அடுத்த வருஷமும் இதே இடத்தைப் பாக்கணும்னு இப்பவே கேட்டு வைங்க."