சார்ஜ் நிற்காத பேசும் கண்ணாடி

முட்டாள்கள் என்று யாரையும் சொல்லக்கூடாது, பாவம். அதனால் கொட்டாம்பாறை பார்வையற்றோர் நல மன்றத்தின் மூன்று பேரையும், ஊர் சொல்வதைப் போலவே, நிர்வாகிகள் என்று சொல்லிக்கொள்வோம். தலைவர் பொன்னுரங்கம், செயலாளர் சடகோபன், பொருளாளர் லூர்துசாமி. மூவருக்கும் கண் நன்றாகத் தெரியும். பதவிக்கு அந்தத் தகுதி போதும் என்று அவர்களே தீர்மானம் போட்டிருந்தார்கள்.

ஆண்டு விழாவில் அவர்கள் நாகஜோதிக்கு ஒரு பேசும் கண்ணாடி கொடுத்தார்கள். நாகஜோதிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தின் பக்கம் திரும்பினால், எழுதியிருப்பதைக் காதோரம் வாசித்துச் சொல்லும். பஸ் பலகையின் பக்கம் திரும்பினால் ஊர்ப்பேரைச் சொல்லும். எட்டு மணி நேரம் பேசும் என்று பெட்டியில் போட்டிருந்தது. உண்மையில் ஐம்பது நிமிஷம் பேசும். ஒருநாள், "வத்தலக்குண்டு வழியாக..." என்று சொல்லிவிட்டு அடங்கிப்போனது. வழியாக எங்கே என்று தெரியாமல் ஏறிய நாகஜோதி, பெரியகுளம் போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அடுத்த புதன்கிழமை பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குத் தேர்வு. நேர அட்டவணையை மைக்கில் வாசித்துக் காட்ட வேண்டும். நாலு வருஷம் மனுப் போட்டு இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதி அட்டவணையில் கண்ணாடி வாயை மூடிக்கொண்டால்? நாகஜோதி மன்றத்துக்குப் போன் போட்டாள்.

"தலைவரே, கண்ணாடியில சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது."

அரை மணி நேரத்தில் மூவரும் வந்து கண்ணாடியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எப்படிம்மா வச்சிருக்கே?" என்று கேட்டார் சடகோபன்.

"பெட்டிக்குள்ள படுக்க வச்சிருக்கேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படுக்க வச்சா எப்படிய்யா நிக்கும்?" என்றார் லூர்துசாமி.

மதியத்துக்குள் செங்கல் இரண்டு வந்தது, களிமண் வந்தது. கண்ணாடியை நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு, "இனி நிக்கும்" என்று கைதட்டிவிட்டுப் போனார்கள். கண்ணாடியின் பேசும் துளைக்குள் போன களிமண்ணை எடுக்க நாகஜோதிக்கு ஒரு நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை மறுபடியும் போன் போட்டாள். இந்தத் தடவை வார்த்தையைப் பார்த்துத்தான் பேசினாள். "அண்ணே, நிறுத்தி வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். சார்ஜ் சீக்கிரமா இறங்கிடுது. அவ்வளவுதான். அத என்னன்னு கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

"இறங்குதா? அதை எங்ககிட்ட விட்டுடு தாயி" என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார் பொன்னுரங்கம்.

சாயங்காலம் தகவல் வந்தது. கண்ணாடி தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கிறது.

நாகஜோதி விழுந்தடித்துக்கொண்டு போனாள். "ஏன் அங்க கொண்டுபோய் வச்சீங்க?"

"அதை விட உசரம் நம்ம ஊர்ல இல்லையேம்மா" என்று வருத்தப்பட்டார் சடகோபன். "ஏணியையும் எடுத்தாச்சு. இனிமே எப்படி இறங்குதுன்னு பாத்துடறோம்."

"ஐயோ, கீழ இறக்குங்க!"

"இறக்கறதா? நீதானம்மா இறங்குதுன்னு புகார் குடுத்தே?" என்றார் பொன்னுரங்கம். "நினைச்சா இறக்கவும் நினைச்சா ஏத்தவும் முடியாதும்மா. மன்றத்துக்கு விதிமுறை இருக்குல்ல."

விதிமுறைப்படி அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது. நாகஜோதியே தீர்மானத்தைச் சொன்னாள்: கண்ணாடி இறங்கலாம், சார்ஜ் இறங்கக்கூடாது. லூர்துசாமி வழிமொழிந்தார். அப்புறம்தான் ஏணி வந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் தெருவில் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் மன்ற அலுவலகத்தில் கரண்ட் இருந்தது. வேறு வழியில்லை. நாகஜோதி தானே போய், தடவிப் பார்த்து, சார்ஜரைச் சுவரில் செருகிக் கண்ணாடியையும் அதில் மாட்டினாள். சுவிட்ச் கைக்கு எட்டவில்லை, மேலே இருந்தது.

"சுவிட்சைப் போட்டுடுங்கண்ணே. பச்சை விளக்கு எரியற வரைக்கும் யாரும் எதுலயும் கை வைக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஒரு விரல் படாது தாயி" என்று மூவரும் சத்தியம் செய்தார்கள்.

புதன்கிழமை காலை போய்க் கண்ணாடியை மாட்டினாள். மூச்சுப் பேச்சில்லை.

"பச்சை விளக்கு எரிஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா. கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டேதான் இருக்கோம்" என்றார் லூர்துசாமி.

நாகஜோதி சுவர்ப்பக்கம் திரும்பினாள். "சுவிட்சு?"

"அதுலயும் யாரும் கை வைக்கலை" என்றார் பொன்னுரங்கம் பெருமையாக. "சடகோபன் போடத்தான் போனார். நான்தான் தடுத்தேன். போடணும்னா கை வைக்கணுமே?"

நாகஜோதி அழவில்லை. அழ நேரமில்லை. ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தாள்.

அதிகாரி அட்டவணையைக் கையில் கொடுத்தார். அவள் உண்மையைச் சொன்னாள். "சார், என் கண்ணாடியில சார்ஜ் இல்லை. யாராவது ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டினா, நான் திருப்பிச் சொல்லிடுவேன்."

அதிகாரி சந்தேகத்தோடுதான் வாசித்தார். இருபத்தாறு பஸ், இருபத்தாறு நேரம். நாகஜோதி மைக்கைப் பிடித்து ஒன்று விடாமல் சொன்னாள். ஒட்டன்சத்திரம் பஸ்ஸுக்கு அவர் தவறாகப் படித்த நேரத்தையும் திருத்திச் சொன்னாள். அந்தப் பஸ்ஸில்தான் அவள் வாராவாரம் அக்கா வீட்டுக்குப் போவாள். வேலை கிடைத்தது. சேரும்போதே, மேஜையோரம் எப்போதும் கரண்ட் வரும் பிளக் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை அதில் மாட்டியபடியே வேலை செய்தாள். சுவிட்சை அவளே போட்டாள்.

முதல் நாள் அவளுக்குச் சால்வை போர்த்த நிர்வாகிகள் மூவரும் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

"பழனி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. அனைவரும் உடனடியாக ஏறிக்கொள்ளவும்."

மூவரும் நின்றார்கள்.

"நாம பழனிக்குப் போறதா இருந்தோமா?" என்றார் லூர்துசாமி.

"இல்லையே" என்றார் பொன்னுரங்கம்.

"அனைவரும்னு சொல்லுதே. நம்மளை விட்டுட்டுன்னு சொல்லலையே" என்றார் சடகோபன்.

"காரணமில்லாம அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாது. ஏறுங்கய்யா" என்றார் பொன்னுரங்கம்.

சாயங்காலம் நாலு மணிக்கு நாகஜோதியின் போன் அடித்தது.

"தாயி, பொன்னுரங்கம் பேசறேன். நீ சொன்னபடி ஏறிட்டோம். பழனியும் வந்தாச்சு. மத்தவங்க எல்லாரும் அவசரப்பட்டு இறங்கிப் போயிட்டாங்க. டிரைவர் பஸ்ஸை டிப்போவுக்குள்ள கொண்டுவந்து விட்டுட்டார், இப்ப மேல தண்ணி அடிச்சுக் கழுவிக்கிட்டிருக்காங்க. நாங்க மூணு பேரும் உள்ளேயேதான் உக்காந்திருக்கோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இறங்கச் சொல்லி எப்பம்மா அறிவிக்கப் போறே?"