வாசலில் தொங்கிய சிரிப்பு

பூவனூர் அரசர் வீரகண்டருக்குப் புகழ்ச்சி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தன் ஆட்சியில் குடிமக்கள் மகிழ்ச்சியாக இருப்பதை ஊருக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார். பொக்கிஷதாரர் சடையப்பர் ஓவியர் பொன்னம்பியிடம் போனார். ஒரு குடியானவக் குடும்பம் வாய்கொள்ளாமல் சிரிக்கும் படம் தயாராக இருந்தது.

"பொது உரிமையில் வாங்கினால் மலிவு. ஆனால் கேட்பவர்களுக்கெல்லாம் இதையே வரைந்து கொடுப்பேன். தனி உரிமை என்றால் விலை அதிகம். உங்கள் வாசலைத் தவிர வேறெங்கும் தொங்காது" என்றார் பொன்னம்பி.

சடையப்பர் மலிவானதை வாங்கிக்கொண்டு, அரசரிடம் தனி உரிமைக்குக் கணக்குக் காட்டினார். மீதி எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு நாள் பகை நாட்டுத் தூதர் வந்தார். அரண்மனை வாசலில் தொங்கிய படத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"அடடே, இவர் இங்கேயும் இருக்கிறாரா? எங்கள் கோட்டை வாசலிலும் இவர்தானே சிரிக்கிறார்!"

அரசர் முகத்தில் ஈயாடவில்லை. சடையப்பர் முந்திக்கொண்டு, "ஓவியன் ஏமாற்றிவிட்டான், மகாராஜா!" என்றார்.

அரசர் பொன்னம்பியை வரவழைத்தார். "நாளை மாலைக்குள் என் நாட்டுக்கு மட்டுமே சொந்தமான சிரிப்பை வரைந்து கொண்டுவா. இல்லையென்றால் உன் கையை வெட்டிவிடுவேன்!" என்று உறுமினார் அரசர்.

சபையில் இருந்த விகடகவி விடங்கனுக்கு மனம் கேட்கவில்லை. நல்ல மனிதர், இவர் கை போகலாமா? "சிரிப்பைத் தேட நானும் ஓவியருடன் போகிறேன், அரசே" என்றான்.

மறுநாள் மாலை புதுப் படம் வந்தது. வயல் இருந்தது, மாடு இருந்தது, குடும்பமும் இருந்தது. முகங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன.

"சிரிப்பு எங்கேடா?"

"ஊர் ஊராகத் தேடினோம், அரசே. கிடைக்கவில்லை" என்றான் விடங்கன்.

"அப்படியானால் முதல் படத்தில் சிரித்தவன் யார்?"

"நம் குடியானவன்தான். வரி தள்ளுபடி ஆகிவிட்டது என்று ஓவியர் ஒரு பொய் சொன்னார். குடும்பமே சிரித்தது."

"அதையே இப்போதும் சொல்லித் தொலைப்பதுதானே?"

"சொன்னோம், அரசே. இந்த முறை ஒருவரும் நம்பவில்லை. பொய்க்கு வந்த சிரிப்பு, அதுவும் பொக்கிஷதாரர் பொது உரிமையில் மலிவாக வாங்கிய சிரிப்பு, எந்த ராஜா வாசலிலும் தொங்கும். உங்களுக்கு மட்டுமே சொந்தமான சிரிப்பு வேண்டுமென்றால் தனி விலை உண்டு. அதை ஓவியருக்குக் கொடுத்துப் பயனில்லை. குடியானவனுக்குக் கொடுக்க வேண்டும்."

அரசர் வெற்று முகங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடி இடியென்று சிரித்தார்.

"இந்த ஆண்டு வரி தள்ளுபடி! சடையப்பரே, நீர் அமுக்கிய மீதியை எடுத்து ஓவியருக்குக் கொடும்!"

சடையப்பர் திருதிருவென்று விழித்தார்.

விடங்கன் பொன்னம்பியின் காதைக் கடித்தான். "ஓவியரே, சீக்கிரம் இந்தப் பொக்கிஷதாரர் முகத்தை வரைந்துகொள்ளும். பொது உரிமையிலேயே விற்கலாம். எல்லா நாட்டு அரண்மனைக்கும் பொருந்தும்!"