சங்கத்துக் காரின் டேங்க்

“டேங்குக்குள்ள எவனோ மண்ணை அள்ளிப் போட்டிருக்கான். அதை நீரு நாளைக்கு மேடையில ஏறிச் சொல்லணும்வே.”

கார் பட்டறை பிச்சைக்கனி மேஸ்திரி காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

சொன்னவர் தவசிமுத்து, உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். முப்பத்திரண்டு வருடமாக மேடை ஏறுகிறவர். நான்கு முறை சிறை போனவர். எதிரி இல்லாத விபத்து என்று ஒன்று உலகத்தில் நடக்கும் என்பதை அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

“நான் சொன்னா சங்கத்துக்காரன் பேச்சும்பாங்க. நீரு சொன்னா ஊரு நம்பும்.”

“மேடையில ஏறுனா எனக்குத் தும்மல் வரும், அண்ணாச்சி.”

“தும்மிட்டுச் சொல்லும்.”

முந்தாநாள் நடந்தது இதுதான். உப்பு வாரிக்கொண்டிருந்த சந்தனமாரி, உச்சி வெயிலில் பாத்தியிலேயே சுருண்டு விழுந்தாள். சங்கத்துக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி பதினோரு மைல். வழியில் கார் ஐந்து முறை நின்றது. தவசிமுத்துவே பெட்ரோல் குழாயைக் கழற்றி, வாயால் ஊதி ஊதிப் பார்த்தார்.

ஐந்தாவது முறை நின்றபோது அவசரம் தீர்ந்துபோயிருந்தது.

அவள் புருஷன் பூல்பாண்டி இப்போது பட்டறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நாளைக்கு இரங்கல் கூட்டம். அவன்தான் முதலில் பேச வேண்டும். “டேங்கில் மண்ணைப் போட்டு உப்பளக் கம்பெனி செய்த கொலை” என்று துண்டறிக்கை அச்சாகிவிட்டது. சாட்சி ஒன்றுதான் பாக்கி.

மேஸ்திரி டேங்கைக் கழற்றி இறக்கினார். அடியில் கிடந்த பெட்ரோலை ஒரு கிழிந்த வேட்டித் துணியில் வடித்தார். செம்பழுப்பாய் ஒரு பிடி தேங்கியது.

“மண்ணு,” என்றார் தவசிமுத்து. “பூல்பாண்டி, ஒன் கண்ணால பாத்துக்கோ.”

மேஸ்திரி துணியை வெயிலில் விரித்துக் காயவிட்டார். உள்ளே போனார். உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்து வந்து, துணிக்கு மேலே பிடித்தார்.

அந்தப் பிடி அப்படியே எழும்பி, காந்தத்தில் கம்பளிப்பூச்சி மயிர்போல நட்டுக்கொண்டு நின்றது.

“மண்ணு இப்படி எந்திரிக்குமா, அண்ணாச்சி? இது இரும்புத் துரு.”

தவசிமுத்து காந்தத்தையே பார்த்தார்.

“காரை எத்தன நாளைக்கு ஒருக்க எடுப்பிய?”

“மே தினத்துக்கு எடுப்போம். தியாகிகள் நாளுக்கு எடுப்போம். போராட்டம்னா எடுப்போம்.”

“மத்த நாளு?”

“தொடச்சு மூடி வெச்சிருப்போம். சனிக்கிழமை தவறாது. ஆளு முறை வெச்சுத் தொடைக்கோம். எங்கயாவது ஒரு கீறல் இருக்கா பாரும்.”

“பெட்ரோலு?”

“போயிட்டு வர அஞ்சு லிட்டர்.”

“நாப்பது லிட்டர் டேங்கு. அஞ்சு போக மிச்சம் பூரா கடல்காத்து. விடியக்கால உள்ள தகடு வேர்க்கும். அந்த வேர்வைய யாரு தொடைச்சிய?”

தவசிமுத்துவின் முகம் கறுத்தது.

“அப்ப கம்பெனிக்காரன் யோக்கியன்னு சொல்லுதீரா? ஒதுங்க ஒரு கொட்டகை கெடையாது. குடிக்கத் தண்ணி கெடையாது. வெயில்ல அவ வெந்து விழுந்தாளேவே. அதெல்லாம் பொய்யா?”

“நெசம்.”

“பொறவு?”

“நெசம் கையில இருக்கும்போது இந்த மண்ணுக் கதைய ஏன் எழுதுனிய?”



மேஸ்திரி ஒரு பழைய சைக்கிள் செயினை டேங்குக்குள் போட்டார். டீசல் ஊற்றி வாயை அடைத்தார். டேங்கின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறு முனையைத் தவசிமுத்துவுக்குக் கண்ணால் காட்டினார். இருவரும் உருட்டினார்கள். உள்ளே செயின் கரகரவென்று துருவைச் சுரண்டியது. கவிழ்த்தபோது காப்பி வடிந்தது போல வந்தது.

மறுபடி ஊற்றினார்கள். மறுபடியும் காப்பிதான்.

மூன்றாவது தடவை உருட்டும்போது மேஸ்திரி கேட்டார்:

“அன்னைக்கு வேற வண்டியே கெடைக்கலையா?”

தவசிமுத்துவின் கை நின்றது.

வாசலிலிருந்து பூல்பாண்டிதான் சொன்னான். “கம்பெனி ஜீப்பு நின்னுது. டிரைவர் கதவத் தொறந்துகூட வெச்சாரு. அவன் வண்டியில நம்ம ஆளு ஏறப்படாது, நமக்குன்னு கார் இருக்குன்னு அண்ணாச்சிதான் சொன்னாரு.”

தரையைப் பார்த்தபடி தொடர்ந்தான்.

“எனக்கும் அப்ப அது பெருமையாத்தான் இருந்துது.”

அந்த ஜீப்பின் கதவைத் தன் கையால் அறைந்து சாத்தியது தவசிமுத்துவுக்கு நினைவு வந்தது. சாத்தியபோது பாத்தியில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

மேடையில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் பேசினார். “இத வெளிய சொன்னா சங்கம் என்னவே ஆகும்?”

மேஸ்திரி டீசலைக் கொட்டிச் செயினை உருவினார். காலி டேங்கை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் வாயில் கண்ணை வைக்கச் சொன்னார்.

உள்ளே இருட்டு. அதில் நாலைந்து ஊசிமுனை வெளிச்சம்.

“உருட்டி உருட்டி ஓட்டையாக்கிட்டீரே.”

“ஓட்டை முன்னமே உண்டு, அண்ணாச்சி. துரு அடைச்சிக்கிட்டுக் கெடந்துது.”

“பத்தவைக்க முடியுமா?”

“தகடு தெரிஞ்ச எடத்துல முடியும். துரு மேல ஈயம் ஒட்டாது.”

செயின் மறுபடி உள்ளே விழுந்தது. இந்தத் தடவை காட்டாமலே தவசிமுத்து மறு முனையைப் பிடித்தார். கவிழ்த்துப் பார்த்தார்கள். இன்னும் பழுப்பு.

பூல்பாண்டி எழுந்து அருகில் வந்தான்.

“நாளைக்கு நான் என்ன பேசணும், அண்ணாச்சி?”

“நீ பேச வேண்டாம். நான் பேசுதேன்.”

“அப்ப நான்?”

“முன் வரிசையில உக்காரு. ஜீப்பைப் பத்தி நான் சொல்லாம விட்டா, எந்திரிச்சுக் கேளு.”