ஆறில் ஒரு துண்டு நெருப்பு

மலையடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் இடம் ஒன்று. அங்கே ஓர் எஞ்சின் வெடித்துப் போயிற்று. பற்றவைத்து மூச்சு விடுவதற்குள் காரியம் முடிந்தது. எரிபொருளைத் தூவுகிற வட்டத் தட்டு விளிம்பு முழுக்க உருகிக் கிடந்தது. பக்கத்தில், வெல்டிங் வைத்த இடத்தில் ஒரு கீறல்.

உள்ளே எரிவதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது இசக்கியப்பன் வேலை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். திரையில் நெருப்பு சமர்த்தாக எரிந்தது.

கணக்கில் கோளாறு இல்லையென்றால் கோளாறு வெல்டர் சூசைமுத்துவுடையது. சாயங்காலத்துக்குள் அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் மேலதிகாரிகள். கொடுத்தால் அந்த ஆள் வேலை போகும். எழுதக் கை வரவில்லை. எழுதாமலிருக்கக் காரணமும் கிடைக்கவில்லை.

தொழில் கற்றுக்கொடுத்த ஸ்டெல்லாவைத் தேடிப் போனான். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், கம்ப்யூட்டர்ல ஒழுங்கா எரியுது. நிஜத்துல வெடிக்குது. எதைத்தான் நம்ப?"

"முழு எஞ்சினையும் போட்டியா?"

"ஆறுல ஒரு துண்டு. கேக் வெட்டுற மாதிரி. ரெண்டு பக்கமும் சுவர் வச்சேன். மிச்ச அஞ்சும் அதே மாதிரிதானே எரியும்? எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"ரசம் வாங்கிட்டு வா."

"எனக்குப் பசிக்கலை மேடம்."

"உன் பசியை யார் கேட்டா?"

வாங்கி வந்தான்.

கேன்டீன் தட்டில் பள்ளம் பள்ளமாகத் தடுத்திருந்தது. ஒரு பள்ளத்தில் ரசத்தை ஊற்றி, தட்டை வட்டமாக ஆட்டினார் ஸ்டெல்லா. ரசம் தடுப்பில் முட்டியது. அடங்கியது.

மிச்சத்தை வட்டக் கிண்ணத்தில் ஊற்றினார். அதே மாதிரி ஆட்டினார். அலை ஒன்று கிளம்பி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடியது. ஓட ஓட உயர்ந்தது. பிறகு இசக்கியப்பன் மேல் விழுந்தது.

"ஐயோ மேடம், புதுச் சட்டை!"

"தெரியும்."

துடைத்தான். துடைத்தபடியே யோசித்தான்.

"கிண்ணத்தை நீங்க ஆட்டுனீங்க. எஞ்சினை யார் ஆட்டுறா?"

"எரியுறதே ஆட்டும். அலை போற இடத்துல கூடுதலா எரியும், அது அலையை இன்னும் தள்ளும்."

புரிந்த மாதிரி இருந்தது. புரியாத மாதிரியும் இருந்தது.

"முழுசாப் போட்டா ஒரு மாசம் ஓடும் மேடம். சாயங்காலம் ரிப்போர்ட் கேக்காங்க."

"கேக்கட்டும்."

"என்னன்னு சொல்ல?"

"இன்னும் முழுசா எரிச்சுப் பாக்கலைன்னு சொல்லு."

எழுந்தான். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"அப்போ சூசைமுத்து தப்பு பண்ணலையா மேடம்?"

ஸ்டெல்லா மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"முதல்ல சுவரை எடுத்துட்டு எரிச்சுப் பாரு. அப்புறம் வந்து கேளு."